வாசல் கதவுக்கு நீங்களே பெயிண்ட் அடிக்கலாம்: மரம் பார்ப்பதிலிருந்து கடைசி கோட் வரை

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பல வீடுகளில் வாசல் கதவு இறுகிப்போகும். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடச் சொல்வோம். சித்திரை வெயில் வந்ததும் அதே கதவு சுருங்கி, இடுக்கு வழியே தெரு தெரியும். அடுத்த மழைக்கு மறுபடியும் இறுக்கம், மறுபடியும் இழைப்புளி.

மரம் மட்டம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு மரத்தில் இல்லை, பெயிண்ட் அடித்த விதத்தில் இருக்கிறது. கதவின் முகத்தில் மூன்று நான்கு கோட் இருக்கும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு துளிகூட இருக்காது. இழைத்த ஓரமும் வெறும் மரமாகவே கிடக்கும். மரம் நீரை வேகமாகக் குடிப்பது அதன் அறுத்த முனை வழியாகத்தான். கதவின் இரு பக்கமும் நெட்டாக நிற்கும் நெடுஞ்சட்டங்களின் அறுத்த முனைகளும் அந்த மேல், கீழ் விளிம்புகளில்தான் இருக்கின்றன. குடித்த நீரால் மரம் உயரவாக்கில் வளராது, அகலவாக்கில் உப்பும். அதனால்தான் கதவு பக்கவாட்டில் நிலையோடு பிடிக்கிறது.

ஆகவே வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது என்றால் ஆறு பக்கமும் அடிப்பது. நான் கடைசிவரை வலியுறுத்தப் போவது இதைத்தான். மற்றதெல்லாம் பொறுமையும் உப்புத்தாளும்.

பெயிண்ட் அடிக்க வேண்டிய மரம்தானா?

எல்லாக் கதவுக்கும் எனாமல் பூசத் தேவையில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது போன்ற பழைய பர்மா தேக்குக் கதவு, அதிலும் கொத்துவேலை உள்ளது, உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அதன் மேல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். எனாமல் செதுக்கலின் பள்ளங்களை அடைத்துவிடும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. அதைச் சுத்தம் செய்து எண்ணெயோ பாலிஷோ போடுவதுதான் முறை.

வேம்பு, வேங்கை, கோங்கு, மா, நாட்டுமரங்கள், ஃபிளஷ் டோர் ஆகியவற்றுக்குப் பெயிண்ட் நன்றாகப் பொருந்தும். வேங்கையில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அதில் ஈரம் பட்டால் செந்நிறச் சாயம் கசியும். தண்ணீர் அடிப்படையிலான பெயிண்டை அதன் மேல் நேரடியாக அடித்தால், காய்ந்த பிறகு பழுப்புத் திட்டுகள் மேலே வந்து நிற்கும். அதற்கு எண்ணெய் அடிப்படையிலான பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு, போட வேண்டும். தேக்கையே பெயிண்ட் அடிப்பதென்று முடிவெடுத்திருந்தால், அதிலுள்ள இயற்கை எண்ணெய் பிடிமானத்தைக் கெடுக்கும் என்பதால், பிரைமருக்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

அடுத்து, கதவையும் நிலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தாலோ, நிலையின் அடியில் மண்கோடு தெரிந்தாலோ கரையான் இருக்கிறது. பெயிண்ட் கரையானைத் தடுக்காது. மூடி மறைத்து அதற்கு வசதி செய்துதான் கொடுக்கும். முதலில் மருந்து, பிறகு மற்ற வேலை. நிலையின் கால், அதாவது தரையைத் தொடும் இடம், தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீரை வாங்குகிற இடம். அங்கே ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியை அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மரம் மக்கியிருக்கிறது. விரலகலம் என்றால் எபாக்சி பட்டியால் (புட்டி) அடைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஆசாரி வந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்டுவைக்க வேண்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

தமிழ்நாட்டில் தை பிறந்த பிறகு பங்குனி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மரம் சில வாரம் காய்ந்திருக்கும். உப்பிய நிலையில் இருக்கும் மரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, வெயில் வந்ததும் கொப்புளமாக எழும்பும். பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மார்கழியில் இறங்குகிறவர்கள் பனியைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். காயாத எனாமல் மேல் இரவுப் பனி இறங்கினால் பளபளப்பு போய் வெளுத்த மங்கல் படியும். அந்த மாதத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள்.

கோடையில் சிக்கல் நேர்மாறானது. மேற்குப் பார்த்த கதவில் மதிய வெயில் விழும்போது அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே பச்சையாகவே நின்று, சுருக்கம் விழும். வெயில் கதவை விட்டு நகர்ந்த பிறகு அடியுங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த வெயிலை நினைத்துக்கொள்ள வேண்டும். கரும்பழுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்கள் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நேர் வெயிலில் நிற்கும் கதவுக்கு அவற்றை அடித்தால் பலகையும் சட்டமும் சேரும் இடங்களில் சீக்கிரம் விரிசல் விழும். அப்படிப்பட்ட கதவுக்கு ஒரு படி வெளிர் நிறமே நல்லது.

எண்ணெய் எனாமலா, தண்ணீர் எனாமலா?

இரண்டும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீர் எனாமலில் நெடி குறைவு, தூரிகையைக் குழாயடியில் கழுவிவிடலாம், வெள்ளை நிறம் மஞ்சளாகாது. ஆனால் நம் ஊர் சூட்டில் அது மிக விரைவாக இழுத்துக்கொள்ளும். கை பழகாதவர் ஒரு பலகையை முடிப்பதற்குள் தூரிகைக் கோடுகள் அப்படியே உறைந்துவிடும். எண்ணெய் எனாமல் மெதுவாகக் காய்வதால் கோடுகள் தானாகச் சமன்படும். முதல்முறை அடிப்பவருக்கு வெளிப்பக்கத்துக்கு எண்ணெய் எனாமல்தான் நான் சொல்வேன். உள்பக்கம் வெள்ளையோ தந்த நிறமோ என்றால் தண்ணீர் எனாமல். வெளிச்சம் குறைந்த இடத்தில் எண்ணெய் வெள்ளை ஓரிரு வருடத்தில் மஞ்சளடித்துவிடும்.

அளவு: ஏழடி உயரம், மூன்றரை அடி அகலமுள்ள கதவின் ஒரு பக்கம் சுமார் 25 சதுர அடி. இரண்டு பக்கம், விளிம்புகள், நிலை எல்லாம் சேர்த்தால் 70 சதுர அடியைத் தொடும். இரண்டு கோட்டுக்கு 140. ஒரு லிட்டர் எனாமல் போதும். பிரைமர் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள், மரம் குடிப்பதைப் பொறுத்து.

மற்றச் சாமான்கள்: 80, 150, 220, 320 நம்பர் உப்புத்தாள், அவற்றில் பழைய பெயிண்டைத் தேய்க்கும் 80, 150, 220 மூன்றும் தண்ணீரில் தேய்க்கக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு அங்குலத் தூரிகை ஒன்று, ஓரங்களுக்கு ஒரு அங்குலம் ஒன்று. தூரிகையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான தூரிகை முடி உதிர்த்து, ஒவ்வொரு முடியும் கதவில் ஒட்டிக்கொள்ளும். பட்டித் தகடு, மரத்துக்கான பட்டி, மாஸ்கிங் டேப், பழைய வேட்டித் துணி, முகக்கவசம், கையுறை.

கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்காதீர்கள். எண்ணெய் எனாமலில் கலப்பது டர்பன்டைன். லாக்கரில் கலக்கும் என்.சி. தின்னரைக் கலந்தால் கீழே இருக்கும் கோட்டையே அது கரைத்துக் கிளப்பிவிடும். மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. காய்வதற்கு நாளாகும், பளபளப்பு செத்துவிடும். வேண்டாம்.

பழைய பெயிண்டை என்ன செய்வது

முழுவதையும் சுரண்டியே ஆகவேண்டும் என்பதில்லை. கதவின் ஒரு மூலையில் கூர்மையான பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறுங்கள். அதன் மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு சில்லுகள் வந்தால் பழைய பெயிண்ட் பிடிப்பு விட்டுவிட்டது, எடுத்துத்தான் ஆகவேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டு மேற்பரப்பை மட்டும் மங்கலாக்கினால் போதும். இந்தச் சோதனையைக் கதவின் கீழ்ப்பகுதியில் செய்யுங்கள். மேலே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே பாலிஷ் போட்ட கதவு என்றால், ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் அதன் மேல் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டாலேயே பெரும்பகுதியைத் துடைத்து எடுத்துவிடலாம்.

இங்கே குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பழைய கதவு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். மெஷின் போட்டுத் தேய்ப்பதும், சூடுகாட்டி உரிப்பதும் இன்னும் மோசம். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சில்லுகளை அதிலேயே சுருட்டிக் கட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வாசலில் கோலம் போடும் இடம், குழந்தை தவழும் இடம் இரண்டையும் கடைசியில் இன்னொரு முறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கழற்றுவது, கழுவுவது, தேய்ப்பது

தாழ்ப்பாள், கைப்பிடி, குமிழ், பெயர்ப்பலகை, தோரணம் கட்டிய ஆணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். டேப் ஒட்டிச் சமாளிப்பதைவிட ஸ்குரூவைக் கழற்றுவது வேகமான வேலை. ஒவ்வொன்றின் ஸ்குரூவையும் அதனதன் துளையிலேயே இரண்டு சுற்று திருப்பி வைத்துவிட்டால் தொலையாது. பூட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டலாம், இரவில் கதவைச் சாத்த வேண்டுமே.

பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். கைப்பிடியைச் சுற்றி இருக்கும் எண்ணெய்ப்பிசுக்கு, மஞ்சள் குங்குமம், சந்தனம், விளக்கு எண்ணெய் வடிந்த தடம், ஸ்டிக்கர் பசை எல்லாம் போக வேண்டும். இவற்றின் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. தேய்த்த பிறகு கழுவலாம் என்று விட்டால், உப்புத்தாள் அந்த எண்ணெயை மரத்துக்குள் அழுத்தித் தேய்த்துவிடும். கழுவியபின் ஒரு முழு நாள் காயட்டும்.

தேய்ப்பது எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கீறல் பிரைமரில் தெரியாது, பளபளக்கும் எனாமலில் பளிச்சென்று தெரியும். பெயிண்ட் உரிந்த இடங்களின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், படி தட்டக்கூடாது. அது சரிவாக இறங்கும்வரை 80, பிறகு 150. உரியாத இடங்களுக்கு 220 போதும். ஈயம் இருக்கலாம் என்று சந்தேகப்படும் பழைய கோட்டை எந்த நம்பரால் தேய்த்தாலும் ஈரத்தோடுதான்.

இந்தக் கட்டத்திலேயே கதவு நிலைக்குள் எவ்வளவு இடைவெளியோடு நிற்கிறது என்றும் பாருங்கள். இரண்டு ஏ.டி.எம். அட்டைகளைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் ஓட்டுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் குறித்து இழையுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு இழைத்தால் செய்த வேலை வீண்.

கீழ் விளிம்பு

இனி யாரும் செய்யாத வேலை. கதவைக் கீலிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றி, இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவையுங்கள். பலகைக் கதவு கனமானது. இரண்டு பேர் இல்லாமல் கழற்ற வேண்டாம். கழற்றும்போது கீழே மர ஆப்பு கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அடிக் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்றுங்கள்.

கழற்ற முடியாத கதவுக்கும் வழி இருக்கிறது. தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் படும்படி வையுங்கள். கீழ் விளிம்பு அதில் அப்படியே தெரியும்: உளி பட்ட தடம், கறுத்த ஈரக்கறை, சட்டத்தின் அறுத்த முனையில் வாய் திறந்து நிற்கும் துளைகள். பழைய கார்ப்பெட்டிலிருந்து நாலு அங்குல அகலத்தில், கதவின் அகலத்தைவிட நீளமான துண்டு ஒன்றை வெட்டி, அதன் முடிப்பக்கத்தில் பிரைமரை நன்றாகத் தோயுங்கள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, துண்டை அடியில் நுழைத்து, ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கண்ணாடியில் பார்த்தால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அறுத்த முனைகள் முதல் கோட்டை உடனே குடித்துவிடும். அரை மணி கழித்து இன்னொரு முறை கொடுங்கள். கடைசியில் எனாமலும் இதே முறையில் இரண்டு கோட். மேல் விளிம்புக்கு ஸ்டூல் போட்டு ஏறினால் போதும். அதுவும் பெரும்பாலும் வெறும் மரமாகத்தான் இருக்கும்.

பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர்

பட்டியை வெறும் மரத்தில் நேராகத் திணிப்பது வழக்கமாக நடக்கும் தப்பு. உலர்ந்த மரம் பட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பட்டி சக்கையாகிச் சில மாதத்தில் உதிரும். முதலில் மரப் பிரைமர் ஒரு கோட், ஓரிரவு காயட்டும். அதன் பிறகு பட்டி. கணுக்கள் இருந்தால் பிரைமருக்கும் முன்னால் அவற்றின் மேல் மட்டும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு முறை தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் கணுவிலிருந்து கசியும் பிசின் பெயிண்டைத் தாண்டி மஞ்சள் வட்டமாக வெளியே வரும்.

சுவருக்கு வாங்கிய வெள்ளைச் சிமென்ட் பட்டி மிச்சம் இருக்கிறதே என்று கதவில் பூசாதீர்கள். மரம் அசையும், அது அசையாது. பாளம் பாளமாக விழும். மரத்தூளும் வெள்ளைப் பசையும் கலந்து அடைப்பது உள்கதவுக்குச் சரி, மழை படும் வாசல் கதவில் பசை ஊறிவிடும். ஆணித் துளை, கீறல், சிறு பள்ளம் ஆகியவற்றை மரப்பட்டியால் சற்று மேடாக நிரப்பி, காய்ந்தபின் 220ஆல் சமமாக்குங்கள்.

பலகை சட்டத்துக்குள் உட்காரும் அந்தக் காடியை மட்டும் பட்டியால் இறுக்கி அடைக்கக் கூடாது. பலகை உப்பவும் சுருங்கவும் ஆசாரி வேண்டுமென்றே விட்ட இடம் அது. அடைத்தால் பலகை போக இடமில்லாமல் நடுவில் பிளக்கும். நல்ல ஆசாரி பலகையைப் பசை போட்டு ஒட்டாததும் இதற்காகத்தான்.

பிறகு இரண்டாவது பிரைமர், ஓரிரவு காயவிடுதல், 320ஆல் லேசாக ஒரு தேய்ப்பு, ஈரம் பிழிந்த துணியால் தூசித் துடைப்பு.

எனாமல்

டப்பாவைத் திறந்ததும் மேலே ஆடை கட்டியிருந்தால் கத்தியால் வெட்டி எடுத்துவிடுங்கள், கலக்காதீர்கள். தட்டைக் குச்சியால் அடிவரை கிளறி, கெட்டி எல்லாம் மேலே வந்த பிறகு, தேவையான அளவை மட்டும் வேறு டப்பாவில் மெல்லிய துணியால் வடிகட்டுங்கள். முதல் கோட்டுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் டர்பன்டைன். இரண்டாவதற்கு அதிலும் குறைவு.

தூரிகையை மூன்றில் ஒரு பங்குதான் முக்க வேண்டும். பலகைக் கதவில் வரிசை முக்கியம்: முதலில் பலகையைச் சுற்றியுள்ள வரப்பும் மூலைகளும், பிறகு பலகை, பிறகு நடுச்சட்டம், குறுக்குச் சட்டங்கள், கடைசியில் இரண்டு நெடுஞ்சட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயிண்டை முதலில் பரப்பி, பிறகு பெயிண்ட் தோய்க்காத தூரிகை நுனியால் ரேகைத் திசையில் மெல்ல ஒரே இழுப்பாக இழுத்து முடியுங்கள். இழுத்து முடித்த இடத்தை மறுபடி தொடாதீர்கள். விட்டுப்போன திட்டு பிறகு கண்ணில் பட்டாலும் அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வழிசல் பெரும்பாலும் பலகையின் கீழ் மூலைகளில்தான் வரும். மேல் மூலையில் அதிகம் வைத்த பெயிண்ட் பத்து நிமிடம் கழித்து அங்கே வந்து சேரும். ஒரு பலகையை முடித்து அடுத்ததற்குப் போகும் முன் திரும்பி அந்த மூலைகளை ஒரு பார்வை பாருங்கள். நுனித் தூரிகையால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. காய்ந்துவிட்டால் தொட வேண்டாம், முழுதாக இறுகிய பின் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஓரிரவு. எண்ணெய் எனாமல் டர்பன்டைன் ஆவியாவதால் மட்டும் காய்வதில்லை. அதன் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்று மாலையே அடுத்த கோட் அடித்தால் கீழ்க்கோட் இறுகாமலேயே போகும். நடுவில் 320ஆல் லேசாகத் தேய்க்க மறக்க வேண்டாம்.

இரவில் கதவைச் சாத்த வேண்டுமே

வாசல் கதவின் பெரிய சங்கடம் இது. விளிம்புகளையும் கதவு வந்து உட்காரும் நிலையின் காடியையும் ஒரு நாள் காலையில் முதல் வேலையாகவும், முகங்களை வேறு நாளிலும் அடியுங்கள். சாத்தும்போது காடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை மடித்து நாலைந்து இடத்தில் வையுங்கள், கதவும் நிலையும் ஒட்டாது. காலையில் எங்காவது பிடித்திருந்தால் இழுக்காதீர்கள். பட்டித் தகட்டை நுழைத்து மெதுவாக விடுவியுங்கள். முழுதும் காய்ந்தபின் காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் பிறகு ஒட்டும் தொந்தரவு இல்லை.

முதல் வாரமும் அதற்குப் பிறகும்

எனாமல் முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை நிலையில் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டாம், கறை ஊறிவிடும். ஸ்டிக்கர் ஒட்டவும் வேண்டாம். தோரணத்துக்குப் புதிதாக ஆணி அடிக்காமல் பழைய துளையிலேயே கொக்கியைத் திருகுங்கள். திருகுமுன் துளையில் ஒரு சொட்டு பெயிண்ட் விட்டால் அந்த வழியாகவும் தண்ணீர் இறங்காது.

டர்பன்டைன், வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும் எண்ணெய் வெப்பம் விடும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவைத்து, அல்லது தண்ணீரில் முக்கி வைத்து, பிறகு குப்பையில் சேருங்கள்.

மிச்சப் பெயிண்டைச் சிறிய பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் ஆடை கட்டாது. மேலே நிறத்தின் எண்ணையும் அடித்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஆடி, ஆவணியில் கண்ணாடியை ஒருமுறை கதவுக்கு அடியில் வைத்துப் பார்த்து, பெயிண்ட் விட்ட இடத்தில் அந்தப் பாட்டிலிலிருந்து தடவிவிடலாம்.